காலம் ஒன்றானால் காட்சி ஒன்றாகும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள், "பிள்ளைகளே, நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். நானும் கடைசியில் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் நேராகச் சொல்லாமல், இதோ நம் தலைக்கு மேலே எரிகிறதே இந்த விளக்கு, இதன் வழியாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். சோறு ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குக் கரண்டு வந்ததெல்லாம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்துதான். பொழுது சாய்ந்ததும் 'டபடப'வென்று ஓடும். ராத்திரி குறித்த நேரத்துக்கு நின்றுவிடும். அது பழுதானால் நம் தோட்டம் மட்டும் இருட்டு. பக்கத்துத் தோட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அங்கே பழுதானால் நமக்கு ஒன்றும் ஆகாது. அவரவர் வெளிச்சம் அவரவருக்கு.

இன்று அப்படியில்லை. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், சனிக்கிழமை. மாலை ஐந்து மணி தாண்டிய சிறிது நேரத்தில், திரெங்கானு மாநிலத்தில் பாக்கா மின் நிலையத்தின் பக்கம் ஒரு மின்தடம் அறுபட்டது. அறுபட்டது அங்கே. இருண்டது எங்கே தெரியுமா? பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை தீபகற்பம் முழுவதும்! மின்சாரம் திரும்ப மணிக்கணக்காயிற்று. "கிழக்குக் கரையில் ஒரு கம்பி போனதற்கு, மேற்குக் கரையில் நம் வீட்டு விளக்கு ஏன் அணைய வேண்டும்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால், இன்று உலகமெங்கும் பொறியாளர்கள் மின்சாரத்தை எப்படிக் காவல் காக்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

மாணவர்களே, நம் பள்ளி விளையாட்டுப் போட்டியை மனத்தில் கொண்டுவாருங்கள். திடலைச் சுற்றி வட்டமான ஓட்டப்பாதை. அதில் பத்துப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒருவர் இடுப்பிலிருந்து இன்னொருவர் இடுப்புக்கு ரப்பர்க் கயிறு கட்டியிருக்கிறது. எல்லாரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பது விதி. ஒருவன் சற்று முந்தினால் கயிறு அவனைப் பின்னுக்கு இழுக்கும். பின்தங்கியவனை முன்னுக்கு இழுக்கும். இப்படி ஒருவரை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறார்கள்.

நாட்டிலுள்ள பெரிய மின்னாக்கிகளும் இப்படித்தான் ஓடுகின்றன. ரப்பர்க் கயிறுதான் நாம் பார்க்கும் உயரமான கோபுரங்களில் தொங்கும் மின்கம்பிகள். எல்லாமாகச் சேர்ந்த இந்தப் பின்னலைத்தான் மின்கட்டமைப்பு, அதாவது 'கிரிட்' என்கிறோம். நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுச் சுற்றுகிறது. நம் விளக்குக்கு வரும் மின்சாரமும் வினாடிக்கு 50 சுற்று. பினாங்கிலும் அதே 50. பத்து பகாட்டிலும் அதே 50.

ஒரு சுற்று என்றால் எத்தனை பாகை? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சொல்லுங்கள். ஆம், 360 பாகை. ஒரே வேகத்தில் ஓடினாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். ஒருவன் பத்துப் பாகை முன்னால் இருப்பான், இன்னொருவன் இருபது பாகை பின்னால் இருப்பான். முன்னால் இருப்பவனிடமிருந்து பின்னால் இருப்பவனுக்குக் கயிறு வழியாக இழுவை போகிறது. அந்த இழுவைதான் கம்பியில் ஓடும் மின்சக்தி. இடைவெளி அகல அகல இழுவையும் கூடும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மின்சாரத்தில் அந்த எல்லை 90 பாகை. அதற்கு மேல் விலகினால் இழுவை கூடாது, குறைய ஆரம்பித்துவிடும். பிறகு முன்னால் போனவன் போனவன்தான். ஒரு கயிறு அறுந்தால் அவன் பாரமெல்லாம் மற்றக் கயிறுகளில் விழும். அடுத்தது அறும். அதற்கடுத்ததும் அறும். பாக்காவில் தொடங்கியது தீபகற்பத்தையே இருட்டாக்கியது இப்படித்தான்.

ஆகவே, மின்கட்டமைப்பைக் காப்பவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது இந்தக் கோணத்தை. அங்கும் இங்கும் உள்ள ஓட்டக்காரர்களின் இடைவெளி எத்தனை பாகை? அது அகல்கிறதா, சுருங்குகிறதா?

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. அளந்து பார்த்தால்தான் சங்கடம் தெரியும். ஓர் ஓட்டக்காரன் பெர்லிஸில், இன்னொருவன் ஜொகூரில். அங்கே ஓர் ஆசிரியர், இங்கே ஓர் ஆசிரியர். "சரியாகப் பத்து மணிக்கு உங்கள் பையன் எங்கே இருந்தான்?" என்று இருவரும் குறித்துக்கொள்ள வேண்டும். யார் கடிகாரத்தில் பத்து மணி? ஒருவர் கடிகாரம் ஒரு வினாடி தப்பாக இருந்தால், அதற்குள் பையன் 50 சுற்று ஓடிவிடுவான்! வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பானால்கூட 18 பாகை பிழை. நம்பிக்கை இல்லையென்றால், பிள்ளைகளே, வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50ஐ 360ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் வருகிறதா இல்லையா?

அதனால்தான் நெடுங்காலம் இந்தக் கோணத்தை நேராக அளக்க வழியில்லாமல் இருந்தது. கட்டுப்பாட்டு மையத்துக்குச் செய்திகள் வரும். எப்படி வரும்? சில வினாடிகளுக்கு ஒரு தடவை, ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒவ்வொரு நேரத்தில் வரும். வகுப்புப் படம் எடுக்கும்போது ஒரு பிள்ளையை இப்போது, அடுத்த பிள்ளையை நாலு வினாடி கழித்து என்று தனித்தனியாக எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்கினால் எப்படி இருக்கும்? பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் படம் சரியாக வரும். ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தால்? ஒருவன் இரண்டு இடத்தில் இருப்பான், இன்னொருவன் எங்குமே இருக்க மாட்டான். மின்கட்டமைப்பு அமைதியாக இருக்கும் வரை அந்தப் பழைய முறை போதுமானதாக இருந்தது. ஆபத்து வரும் வேளையில்தான் அது கைவிட்டது.

அது எப்படிக் கைவிட்டது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள். ஓஹையோ மாநிலம். வெயில் நாள். பாரம் அதிகமானால் மின்கம்பி சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் கீழே தொய்யும். தொய்ந்த இடத்தில் வெட்டாமல் விட்ட மரம் ஒன்று நின்றது. பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெரிய மின்தடம் மரத்தில் பட்டு நின்றது. மூன்று முப்பத்திரண்டுக்கு இன்னொன்று. மூன்று நாற்பத்தொன்றுக்கு மூன்றாவது.

தோட்டத் தொழிலாளத் தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மின்கோபுரப் பாதையில் காடு வெட்டித் துப்புரவாக வைப்பது ஏதோ கடைசிப் பட்ச வேலை என்று நினைப்பார்கள். நான் சொல்கிறேன், அந்த வெட்டுக் கத்தி பிடிக்கும் கை, கட்டுப்பாட்டு மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் கைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அன்று பல்லாயிரம் மைல் கம்பிக்கு வந்த கேடு மூன்று இடத்து மரக் கிளையில்தான் தொடங்கியது.

சரி, மையத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பிற்பகல் இரண்டு மணி பதினான்கு நிமிடத்துக்கே அவர்களுடைய எச்சரிக்கை மணிக் கணினி பழுதாகிவிட்டது. பழுதானதும் அவர்களுக்குத் தெரியவில்லை. திரை சும்மா இருந்தது. திரை சும்மா இருந்ததால் எல்லாம் நலம் என்று அவர்களும் சும்மா இருந்தார்கள். அக்கம்பக்கத்து நிலையங்களிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஒருவர் ஒரு செய்தி சொன்னார். இன்னொருவர் இன்னொரு செய்தி சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய செய்தி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க அவர்களுக்கு வழி இல்லை. மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு நான்காவது பெரிய தடம் போயிற்று. நான்கு பத்துக்குப் பிறகு எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேர் இருளில் இருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். மூன்று மணி ஐந்து நிமிடத்திலிருந்து நான்கு மணி வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தது. ஆபத்து திடீரென்று வரவில்லை. கால் தேய நடந்து வந்தது. வழியெல்லாம் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் சேர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு இரு நாட்டு அரசாங்கமும் கூட்டாக விசாரணைக் குழு அமைத்தன. ஒவ்வொரு நிலையத்திலும் பதிவான ஆயிரக்கணக்கான குறிப்புகளை வரிசைப்படுத்த உட்கார்ந்தார்கள். அங்கேயும் அதே கதை! பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. 2004ஆம் ஆண்டில் வந்த இறுதி அறிக்கையில், பதிவுக் கருவிகள் அனைத்தும் ஒரே காலத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் ஒரு பரிந்துரையாக எழுதினார்கள்.

அந்த 'ஒரே காலம்' எங்கிருந்து வரும்? மேலேயிருந்து வரும். ஜி.பி.எஸ். என்கிறோமே, வழி தெரியாவிட்டால் கைப்பேசியில் பார்க்கிறோமே, அந்தத் துணைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. அது வானத்திலிருந்து ஓயாமல் நேரம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பழைய நாளில் தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடித்தால், கடிகாரம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நேரத்துக்கு எழுந்தார்களே, அதைப் போல! இது உலகத்துக்கே அடிக்கிற பெரட்டு மணி. இந்த மணியைக் கேட்டுக்கொண்டு, பல மின் நிலையங்களில் ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் 'பி.எம்.யூ.' என்று பெயர். மின் அலையின் கோணத்தை அளக்கும் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடி அளவுக்குத் துல்லியமாக நேரத்தைக் குறித்து, அந்த நொடியில் ஓட்டக்காரன் எங்கே இருக்கிறான் என்று எழுதுகிறது. இப்படி வினாடிக்கு ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, 25 தடவை, 50 தடவை எழுதி மையத்துக்கு அனுப்புகிறது. மையத்தில் எல்லாச் செய்திகளையும் அவற்றின் நேரக் குறிப்பைப் பார்த்து ஒன்றாக அடுக்குகிறார்கள். முதல் முறையாக வகுப்புப் படம் ஒரே 'கிளிக்'கில் எடுக்கப்படுகிறது!

இந்தக் கருவிக்கு வழிகாட்டிய இருவரின் பெயரை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் அருண் ஃபட்கே. இந்தியாவில் குவாலியரில் பிறந்தவர். காரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து அமெரிக்கா சென்றவர். மற்றவர் ஜேம்ஸ் தோர்ப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 1988ஆம் ஆண்டில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் முதல் மாதிரிக் கருவி உருவாயிற்று. 2008ஆம் ஆண்டில் இருவருக்கும் பெஞ்சமின் பிராங்க்ளின் பதக்கம் கிடைத்தது. மாதிரிக் கருவிக்கும் பதக்கத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள். இன்று பரிசு கிடைக்காத பிள்ளைகள் இந்தக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி வந்துவிட்டது, இனிமேல் இருட்டே வராது என்று சொன்னால் அது பொய். குவாலியரைச் சொன்னேன் அல்லவா? 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிகாலை இரண்டரை மணியளவில், பினாவிலிருந்து அதே குவாலியருக்குச் செல்லும் ஒரு பெரிய மின்தடம் அளவுக்கு மீறிய பாரத்தால் விலகியது. வட இந்தியா இருண்டது. மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்கு மீண்டும் விழுந்தது; இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. அந்த வட்டாரத்தில் அப்போதே சில பி.எம்.யூ. கருவிகள் இருந்தன. அவை இருட்டைத் தடுக்கவில்லை. தடுக்கும் அளவுக்கு அவை எண்ணிக்கையிலும் இல்லை. ஆனால் என்ன நடந்தது என்று நொடி நொடியாகக் காட்டிக் கொடுத்தன. இக்கருவிகளை நாடு முழுவதும் பரவலாக வைக்க வேண்டும் என்று விசாரணைக் குழு சொன்னது. பிறகு இந்தியா அவற்றை ஆயிரக்கணக்கில் வைக்கும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது.

"அன்றைக்குத் தமிழ்நாட்டில் கரண்டு போகலையா சார்?" என்று கேட்பீர்கள். போகவில்லை. அப்போது தென்னிந்தியக் கட்டமைப்பு தனி ஓட்டப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கோடு அதற்கு நேர்மின் இணைப்பு மட்டும்தான் இருந்தது. இடுப்புக் கயிறு கட்டவில்லை. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தெற்கையும் கட்டினார்கள். இப்போது சென்னையும் தில்லியும் ஒரே சுற்று. சேர்ந்து ஓடுவதில் பலம் உண்டு. ஒருவருக்குக் குறைந்தால் மற்றவர் கொடுக்கலாம். ஆபத்தும் உண்டு, ஒருவர் விழுந்தால் மற்றவரையும் இழுக்கும். சேர்ந்து ஓடுகிறவர்கள் சேர்ந்து பார்க்கவும் வேண்டும். நம் தீபகற்பமும் ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரோடு இணைந்திருக்கிறது. நம் கட்டமைப்பிலும் இத்தகைய கருவிகள் இருக்கின்றன.

பெற்றோர்களே, இனி உங்களிடம் ஒரு வார்த்தை.

ஒரு பிள்ளை படிப்பை விட்டு விலகுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. மின்தடம் போவது போல ஒவ்வொன்றாகப் போகிறது. வகுப்பில் நாங்கள் பார்க்கிறோம்: வீட்டுப்பாடம் மூன்று நாளாக வரவில்லை. வீட்டில் நீங்கள் பார்க்கிறீர்கள்: பையன் சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டால் எரிந்து விழுகிறான். பேருந்து ஓட்டுகிற அண்ணன் பார்க்கிறார்: பிள்ளை பள்ளி வாசலில் இறங்கி வேறு பக்கம் நடக்கிறது. கடைக்காரர் பார்க்கிறார். பாட்டி பார்க்கிறார். பார்க்காதவர் யாரும் இல்லை. ஆனால் நான் பார்த்தது திங்கட்கிழமை. நீங்கள் பார்த்தது போன மாதம். பேருந்துக்காரர் பார்த்தது எப்போதோ. இடைநிலைப்பள்ளிக்குப் போய் மூன்றாம் படிவத்தில் பிள்ளை நின்றுவிட்ட பிறகு எல்லாரும் உட்கார்ந்து, "நான் அப்பவே நெனச்சேன்" என்கிறோம். அப்போதே நினைத்ததை அப்போதே சொல்லியிருந்தால்?

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமல்ல. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் அன்றைக்கே, வேலைக்குப் போகுமுன் வகுப்பாசிரியருக்குப் புலனத்தில் ஒரு வரி போடுங்கள். எழுத முடியாதவர்கள் பேசி அனுப்புங்கள். எங்கள் கண்ணில் பட்டதை நாங்களும் அன்றைக்கே சொல்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் பெற்றோரும் ஆசிரியரும் நேரில் உட்காருவோம். மதிப்பெண் பேச அல்ல, பிள்ளையைப் பேச. "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும் சார்" என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் முகம் வாடியதைக் கண்டுபிடிக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது எங்களிடம் இல்லாத கருவி. அதன் நேரத்தை எங்கள் நேரத்தோடு சேர்த்து வைத்தால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. வட்டம், பாகை, பெருக்கல், வகுத்தல் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதும்போது, "இது எதுக்கு சார்?" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எதற்கு என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன். இந்த விளக்கு எரிவதற்கு! மின்னாக்கியை ஓட்டுபவர், கம்பி இழுப்பவர், கருவி பொருத்துபவர், திரை முன் விழித்திருப்பவர் எல்லாரும் உங்களைப் போல ஒரு நாள் ஆறாம் ஆண்டில் 360 பாகை படித்தவர்கள்தாம். அந்த இருக்கைகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். அதுவே என் ஆசை.

ஜெனரேட்டர் நின்றதும் புத்தகத்தை மூடிவைத்த தலைமுறை ஒன்று இங்கே உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு விளக்கு இரவெல்லாம் எரிகிறது. அந்த வெளிச்சத்தை வீணாக்காமல் படியுங்கள். பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பெறாத பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு மேடை காத்திருக்கிறது.